சினாய்ச் சுவடி இணையத்தளம்: திருத்தக் குறிகளோடு ஒரு வேதாகமம்

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் வேதாகமத்தின் நம்பகத்தன்மை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் தவறாமல் வந்துவிடும். ஓர் எழுத்துகூட மாறாமல் நம் கைக்கு வந்திருக்கிறது என்பது ஒன்று. காலந்தோறும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது மற்றொன்று. இவற்றைச் சொல்லுகிறவர்களில் பலர் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஒரு பக்கத்தைக்கூடப் பார்த்தவர்கள் அல்லர். அண்மைக்காலம் வரை நானும் பார்த்ததில்லை. கோடெக்ஸ் சினாய்டிகஸ் எனப்படும் சினாய்ச் சுவடியின் எஞ்சிய ஏடுகளைக் காட்டும் இணையத்தளம் 2009ஆம் ஆண்டு ஜூலை முதல் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான கடந்த லெந்து நாட்களில் இரவுதோறும் சிறிது நேரம் அதில் செலவிட்ட பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்தச் சுவடி 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பதப்படுத்திய தோலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. பழைய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும், புதிய ஏற்பாடு முழுவதும் எஞ்சியுள்ளன. 347 ஏடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும், 43 ஏடுகள் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்திலும், எஞ்சியவை சினாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்திலும் ரஷ்ய தேசிய நூலகத்திலும் உள்ளன. சிதறிய இந்த ஏடுகளை நான்கு நிறுவனங்களும் இசைந்து ஒரே இடத்தில் சேர்த்திருப்பதே தளத்தின் முதற் சிறப்பு. 1844இலும் 1859இலும் டிஷெண்டார்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் ஏடுகளை மடத்திலிருந்து கொண்டுசென்ற விதமும், 1933இல் சோவியத் அரசிடமிருந்து பிரிட்டன் ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியதும் இன்றுவரை மனக்கசப்புக்கு உரியவை. அந்தக் கதைக்குத் தனி மதிப்புரை வேண்டும்.

பயன்படுத்தும் முறை எளிது. புத்தகம், அதிகாரம், வசனம் ஆகியவற்றைத் தேர்ந்தால் ஏட்டின் படம் ஒருபுறமும், அதில் உள்ளதை அச்செழுத்தில் தரும் எழுத்துப்பெயர்ப்பு மறுபுறமும் வருகின்றன. எழுத்துப்பெயர்ப்பில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் படத்தில் அதே சொல் ஒளிர்கிறது; கிரேக்க எழுத்துகளை மட்டும் கற்றுவைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதும். சாய்வான ஒளியில் எடுத்த படத்தை மாற்றிப் பார்த்தால் தோலின் சுருக்கங்களும், எழுதுவதற்கு முன் கீறிய கோடுகளும் தெரிகின்றன.

நான் மிகுதியாக நேரம் செலவிட்டது திருத்தங்களைப் பார்ப்பதில்தான். ஆயிரக்கணக்கான இடங்களில் இந்தச் சுவடி திருத்தப்பட்டுள்ளது. எழுதியவர்களே செய்த திருத்தங்களும் உண்டு; நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் செய்தவையும் உண்டு. மத்தேயு 24:36ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளைப் பிதாவைத் தவிர வேறொருவரும் அறியார் என்னும் இந்த வசனத்தில் ‘குமாரனும்’ என்ற சொல்லும் முதலில் எழுதப்பட்டிருந்தது. பின்னால் வந்த ஒருவர் அதை நீக்கினார். அவருக்கும் பின்வந்த இன்னொருவர் மீண்டும் சேர்த்தார். நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் மாற்கு 13:32இல் ‘குமாரனும் அறியார்’ என்று இருக்கிறது, மத்தேயுவில் இல்லை. அந்த வேறுபாட்டின் வேர் எங்கே இருக்கிறது என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஒரே ஏட்டில் மூன்று கைகள் வாதிடுவதைக் கண்டது போதுமான விடையாக இருந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் வியர்வை இரத்தத் துளிகளைப் போல விழுந்ததைச் சொல்லும் லூக்கா 22:43–44க்கும் இதே கதிதான்: எழுதி, நீக்கி, மீண்டும் ஏற்றிருக்கிறார்கள். மாற்கு முதல் வசனத்தில் ‘தேவனுடைய குமாரன்’ என்பது பின்னர் சேர்த்த திருத்தமாகவே நிற்கிறது. நம் வேதாகமத்தில் அதற்குப் பின்னும் தொடரும் மாற்கு சுவிசேஷமோ இங்கே 16:8இல், கல்லறைக்கு வந்த பெண்கள் பயந்திருந்தார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி யோவானில் இல்லை.

இதையெல்லாம் பார்த்து விசுவாசம் ஆட்டங்கண்டதா என்று வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். இல்லை என்றே சொன்னேன். ஆனால் என் விசுவாசம் எதன்மேல் நிற்கிறது என்பதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. புராட்டஸ்டண்ட் சுவிசேஷ அறிஞர்கள் பலர் கையெழுத்திட்ட 1978ஆம் ஆண்டுச் சிகாகோ அறிக்கை, வேதம் பிழையற்றது என்று உறுதியாகச் சொன்னபோதும், தேவ ஆவியின் ஏவுதல் கண்டிப்பாகப் பேசினால் ஆசிரியர்கள் முதலில் எழுதிய மூலப் பிரதிக்கே பொருந்தும் என்று வரையறுத்தது. அந்த மூலப் பிரதிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையோ 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை மறைநூல்கள் பிழையின்றிப் போதிக்கின்றன என்றது. முதல் வரையறையை ஏற்பவர் படிகளை ஒப்பிட்டு மூலத்தை நோக்கி நடக்கும் உழைப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டாவதை ஏற்பவர் ‘மீட்புக்காக’ என்ற சொல் எதுவரை செல்லும் என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும். எனக்கு முதல் வரையறையே பழக்கம். ஆனாலும், மூலப் பிரதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதை இந்தத் தளம் கடினமாக்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1 யோவான் 5:7ஐயும் தேடிப் பார்த்தேன். பரலோகத்திலே சாட்சியிடுகிற பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரைப் பற்றி நாம் மனப்பாடமாகச் சொல்லும் வாக்கியம் இங்கே இல்லை. டச்சு அறிஞர் இராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்காமல், 1522இல்தான் சேர்த்தார். திரித்துவப் போதனை அந்த ஒரு வசனத்தின் தோளில் நிற்கவில்லை என்பதை வகுப்பில் முன்பே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

குறைகளும் உண்டு. ஒரு திருத்தம் யாருடையது என்பதை ஆய்வாளர்களின் குறியீட்டால் மட்டும் காட்டுகிறார்கள். அந்த வேறுபாடு ஏன் பொருட்படுத்தத் தக்கது என்று பக்கத்திலேயே விளக்கம் இல்லை. எனவே விளக்கவுரை ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளாமல் நுழைபவருக்கு, எழுத்துப்பிழையைத் திருத்தியதும் ‘குமாரனும்’ என்ற சொல்லை நீக்கியதும் ஒரே எடையுடையவையாகத் தோன்றும். அச்சம் பிறப்பதும் அங்கேதான், அலட்சியம் பிறப்பதும் அங்கேதான். மொழிபெயர்ப்பு எல்லாப் புத்தகங்களுக்கும் இல்லை. தமிழில் எதுவுமே இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளியின்றி எழுதும் பழைய முறையும், தேவன், கர்த்தர் போன்ற பெயர்களைச் சில எழுத்துகளாகச் சுருக்கி மேலே கோடிடும் வழக்கமும் பழகச் சில நாட்கள் பிடிக்கும். பெரும்பாலான பக்கங்களில் நான்கு நெடும்பத்திகள் அருகருகே இருப்பதால் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குத் துன்பம், கணினி வேண்டும்.

வேதபாட ஆசிரியர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உடன் யாரும் இல்லாமல் உட்காரவைக்க மாட்டேன். முதலில் திறக்க வேண்டிய பக்கம் எது என்று கேட்டால் யோவான் 21இன் முடிவைச் சொல்வேன். எழுதியவர் 24ஆம் வசனத்தோடு சுவிசேஷத்தை முடித்து, முடிவுக்கான அலங்காரக் கோட்டையும் வரைந்துவிட்டார். பிறகு அதை அழித்து, 25ஆம் வசனத்தை எழுதி, கோட்டை மறுபடியும் வரைந்தார். லண்டனில் புற ஊதா ஒளியில் ஆராய்ந்தபோதுதான் இது வெளிப்பட்டது. இயேசு செய்த எல்லாவற்றையும் எழுதினால் புத்தகங்களை உலகம் கொள்ளாது என்று சொல்லும் வசனம் அது.