மர ஸ்டேஜ்கோச் மாடல் கிட்: வண்டி பிரமாதம், தோல் பட்டையும் கையேடும் சுமார்

வாங்கலாம், தாராளமாக. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சமாச்சாரங்களை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஒன்று, வண்டியின் உடம்பைத் தாங்குவதற்கென்று கொடுத்திருக்கும் ரெக்சின் பட்டை. இன்னொன்று, அந்த வழவழ கையேடு.

மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆன்லைனில் வாங்கியது. அமெரிக்காவில் ஊர்விட்டு ஊர் ஆளும் தபாலும் ஏற்றிக்கொண்டு ஓடிய பழைய கன்கார்டு கோச் வண்டியின் மர மாடல். லேசரில் வெட்டிய பிளைவுட் ஷீட்டுகள், வெட்டு சுத்தமாக இருக்கிறது, பிசிறு குறைவு. எனக்கு ரொம்பப் பிடித்தது சக்கரம்தான். மலிவு கிட்டுகளில் சக்கரத்தை ஒரே வட்டமாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள், இதில் நடுவில் இருக்கும் குடம், ஆரக்கால், சுற்று விளிம்பான வட்டை எல்லாம் தனித்தனி, ஒவ்வொரு ஆரக்காலாகக் குடத்தில் செருகி மறுமுனையை வட்டைத் துளையில் உட்கார வைக்க வேண்டும், கடைசி ஆரக்கால் மட்டும் அடம்பிடிக்கும், நுனியை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் வழிக்கு வந்துவிடும். நம்ம ஊர்க் காற்றுக்குப் பிளைவுட் ஈரம் குடித்து உப்பும் என்பதால் வேலை செய்யாத நேரத்தில் ஷீட்டுகளைக் கவருக்குள் போட்டு வையுங்கள், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில். நிஜ வண்டிக்கு இருந்த தொல்லை நேர் எதிர்: வறண்ட பிரதேசத்தில் மரம் சுருங்கி ஆரக்கால் ஆட ஆரம்பிக்கும். நன்றாகப் பதப்படுத்திய மரத்தில் சக்கரம் செய்ததால்தான் கன்கார்டு வண்டிக்கு அவ்வளவு பேர்.

இப்போது அந்தப் பட்டை. கன்கார்டு ஊரில் ஆபட்டும் டவுனிங்கும் 1827-ல் முதல் கோச்சைச் செய்தபோது அதன் உயிரே அதில்தான் இருந்தது. வண்டிக்கூட்டை நேராக அச்சின் மேல் வைக்காமல், பல அடுக்குத் தோலைச் சேர்த்துத் தடிமனான இரண்டு பட்டைகளாக்கி, முன்னிருந்து பின்வரை இழுத்துக் கட்டி, அதன் மேல் கூட்டைத் தொங்கவிட்டார்கள். பள்ளத்தில் இறங்கினால் தூக்கிப் போடாது, முன்னும் பின்னும் ஆடும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, உள்ளே ஒன்பது பேர், கூரையில் இன்னும் சிலர், இத்தனை கனத்தின் குலுக்கலும் குதிரைகள் மேல் விழாமல் தடுத்ததும் அதே தோல்தான். கிட்டில் கொடுத்திருப்பதோ கைப்பையின் உள்பக்கம் ஒட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய ரெக்சின். ஒட்டினால் இரண்டு வாரத்தில் இழுபட்டுக் கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. சென்னையில் பெரியமேட்டுப் பக்கம் தோல் கடைகளில் கேட்டால் வெட்டுத் துண்டு கிடைக்கும். மெல்லிய பசுத்தோலாகப் பார்த்து மூன்று அடுக்கு ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே கனமாக ஏதாவது ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் கட்டுங்கள். விரலால் லேசாகத் தட்டினால் கூடு ஆடி நிற்கிற அழகுக்கே கொடுத்த காசு சரியாகப் போச்சு.

கையேடுதான் கடுப்பு. முக்கால்வாசி கொள்ளைக்காரன், துப்பாக்கி, தங்கப் பெட்டி. வண்டி விட்டவர் எப்படிப் பிழைத்தார் என்று ஒரு வரி கிடையாது. ஜான் பட்டர்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநராகத் தொழிலுக்கு வந்தவர், நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் முதலாளியானார். ஈரி கால்வாய் 1825-ல் திறந்து அந்த ஊர் வீங்கிக்கொண்டிருந்த காலம், 1832-ல் நகரமே ஆகிவிட்டது. 1836-ல் ரயில் வந்ததும் மற்றவர்கள் புலம்ப, இவர் ரயில் போகாத ஊர்களுக்கு வண்டி விட்டார், அப்புறம் நீராவிப் படகு, பலகைச் சாலை என்று கை வைக்காத இடமில்லை. 1850-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற பார்சல் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் இவரும் ஒருவர். 1865-ல் யூட்டிகாவின் மேயர்.

பயணிகளின் டிக்கெட் காசை மட்டும் நம்பி அந்தத் தொழிலை நடத்த முடியாது, தபால் ஒப்பந்தம்தான் சோறு போட்டது, நம்ம ஆம்னி பஸ்காரர்களுக்கு டிக்கியில் ஏறும் பார்சல் மாதிரி. பட்டர்ஃபீல்டுக்கு 1857-ல் கிடைத்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 6 லட்சம் டாலர்: செயின்ட் லூயிஸிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ வரை சுமார் 2,800 மைல், வாரத்துக்கு இரண்டு தடவை, 25 நாளுக்குள் தபால் போய்ச் சேர வேண்டும். 1858 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. கொள்ளையர் கண் படக்கூடாது என்றே அவர் தங்கம், வெள்ளி ஏற்றவில்லை! அந்தத் தடத்தின் கரடுமுரடான நடுப்பகுதியில் கன்கார்டுகூட ஓடவில்லை, கித்தான் கூரை போட்ட லேசான வண்டிகள்தான், இழுத்தது பெரும்பாலும் கோவேறு கழுதைகள். வழி நெடுக லாயம், தீனி, தண்ணீர், லாடம் அடிக்க ஆள் என்று பணம் கரைந்துகொண்டே இருக்க, 1860-ல் கடன் முற்றி அவருடைய கம்பெனியிலேயே அவரை ஓரங்கட்டிவிட்டார்கள்.

இவ்வளவு காசைத் தின்ற குதிரை, கிட்டில் ஒன்றுகூட இல்லை. பெட்டியின் மேல் படத்தில் ஆறு குதிரை பாய்கிறது, உள்ளே வெறும் ஏர்க்கால். பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும் என்பதால் சொல்லிவைக்கிறேன். ஆனால் துப்பாக்கிக்காரன் பொம்மையும் தங்கப் பெட்டியும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியை நான் ஏற்றவில்லை, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே கித்தான் துணியில் ஒரு குட்டித் தபால் மூட்டை தைத்து வைத்தேன்.

1840-ல் தொடங்கிய மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி கோச்சு வண்டி கட்டிய ஊர் நம்ம சென்னை. ராயபுரத்திலிருந்து 1856-ல் வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடின பிறகும் ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள் நின்ற ஊர். ஒரு ஜட்கா கிட் போட்டால் முதல் ஆளாக வாங்குவேன், யாராவது போடுங்கப்பா.

பெரிய பிள்ளைகள் தாங்களாகவே கட்டிவிடலாம், சின்னவர்கள் என்றால் சக்கர வேலைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். பார்சல் வந்ததும் முதலில் சக்கர ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்ததில் ஒரு வட்டை உடைந்திருந்தது, போட்டோ அனுப்பியதும் தகராறு இல்லாமல் மாற்று அனுப்பினார்கள், ஆனால் அதற்குள் நான் பழைய வட்டையையே ஒட்டி முடித்துவிட்டேன், ஒட்டினது தெரியவேயில்லை.