பெற்றோருக்கு நம்பலாம், தம்பிக்கு வேண்டாம்: ஒரு குடிவரவு வழக்கறிஞர் அலுவலகம்

இந்தியாவிலிருந்து என் குடும்பத்தாரை அமெரிக்காவுக்குக் குடியேற அழைக்க, நியூ ஜெர்சியில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இயங்கும் குடிவரவு வழக்கறிஞர் அலுவலகத்திடம் என் பெற்றோருக்கான மனுக்களையும் தம்பிக்கான மனுவையும் ஒருசேர ஒப்படைத்தேன். பாதி நன்றியும் பாதி வருத்தமுமாக எழுதுவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

பெற்றோர் விஷயத்தில் அவர்கள் வேலை அப்பழுக்கற்றது. கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) மட்டும் வைத்திருப்பவர் பெற்றோரை அழைக்க இயலாது. 21 வயது நிரம்பிய குடியுரிமையாளர் அழைத்தால் விசா எண்ணிக்கைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக ஐ-130 என்ற உறவினர் மனு வேண்டும். என் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது. அவருடைய பாஸ்போர்ட்டில் அந்த 'அம்மாள்' இல்லை. இருபது ஆண்டுகளாக என் கண்ணில் படாத இதை அங்கிருந்த உதவியாளர் முதல் சந்திப்பிலேயே பென்சிலால் வட்டமிட்டுக் காட்டி, இருவரும் ஒருவரே என்பதற்கு உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரம் வாங்கச் சொன்னார். அவர் குஜராத்திக்காரர், நம் இனிஷியல் குழப்பங்களை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார். கிராமத்து வீட்டில் பிறந்த அம்மாவுக்குப் பிறப்புப் பதிவே இல்லை என்றதும், பதிவு இல்லை என்பதற்கே உள்ளூரில் சான்று பெற வேண்டும் என்று விளக்கினார். வருபவர்களின் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஐ-864 படிவத்துக்கு என் வீட்டார் நால்வரோடு பெற்றோரையும் சேர்த்து ஆறு பேராகக் கணக்கிட்டு, வறுமைக்கோட்டின் 125 சதவீதத்தை என் வருமானம் தாண்டுகிறதா என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்தார்கள்.

தம்பி விஷயத்தில்தான் மனத்தாங்கல். "பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வந்துவிடுவார்" என்றார் வழக்கறிஞர். உடன்பிறந்தோருக்கான எஃப்-4 பிரிவில் உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தாம். அதிலும் எந்த நாட்டுக்கும் 7 சதவீத வரம்பு உண்டு. யாருடைய முறை வந்துள்ளது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டினில், 2025ஆம் ஆண்டு இந்திய வரிசை 2006இல் மனுச் செய்தவர்களிடம்தான் நின்றது. தம்பி மகளுக்கு இப்போது ஒன்பது வயது. 21 வயதைக் கடந்த பிள்ளைகள் பெற்றோருடன் சேர்ந்து வர முடியாது என்பதையும், மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைச் சட்டம் வயதிலிருந்து கழித்துக்கொண்டாலும் அவள் தப்புவது கடினம் என்பதையும் பணம் கட்டிய பிறகே, அதுவும் நானாகக் கேட்டே, தெரிந்துகொண்டேன். சுற்றுலா விசா விண்ணப்பத்தில் 'உங்களுக்காக யாரேனும் குடியேற்ற மனு அளித்துள்ளனரா' என்ற கேள்விக்குத் தம்பி இனி 'ஆம்' என்றே எழுத வேண்டும் என்பதையும் எவரும் சொல்லவில்லை.

இந்த மனுவுக்கு மட்டும் 1,200 டாலர் கட்டணம் வாங்கினார்கள். எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் என் குடியுரிமைச் சான்றையும் இணைத்து, 625 டாலர் அரசுக் கட்டணத்துடன் இணையத்தில் நானே ஒரு மாலைப் பொழுதில் முடித்திருக்கக்கூடிய வேலை அது.