பாரிஸ் போகிறவர்களே, அணையா விளக்கைப் பார்க்க டிக்கெட்டே கிடையாது!

216 யூரோ. நம்ம பணத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். யார் வேண்டுமானாலும் சும்மா போய் நின்று பார்க்கக்கூடிய ஒன்றுக்கு இவ்வளவு தண்டம் அழுதிருக்கிறோம். ஊர் திரும்பிப் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காதல் நகரம் என்று மனைவிக்கு ஆசை, ஈஃபில் டவர் என்று பிள்ளைகளுக்கு ஆசை. அப்பாவுக்கு ஒரே ஆசைதான். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்க் த ட்ரியோம்ஃப் என்கிற வெற்றி வளைவுக்கு அடியில், முதல் உலகப் போரில் இறந்த பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறை இருக்கிறதே, அங்கே தினமும் மாலை ஆறரை மணிக்கு அணையா விளக்கின் சுடரைத் தூண்டிவிடும் மரியாதை நிகழ்ச்சி நடக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்றார்.

டூர் டிக்கெட் விற்கும் ஒரு ஆன்லைன் தளம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை. மூவர்ணக் கொடி, வளைவின் படம், ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் என்று பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும். 'சுடர் நிகழ்ச்சிக்கு முன்வரிசை அனுமதி, கைடு, வரிசையில் நிற்காமல் வளைவின் மொட்டைமாடி' என்று ஒரு பேக்கேஜ். பெரியவருக்கு 54 யூரோ, பிள்ளைகளுக்குப் 'பாதி விலைச் சலுகையாக' 27. சாட்டில் வந்த ஆளிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். உடனே, "உங்கள் தந்தைக்கு எங்கள் வணக்கம் சார், முன்னாள் வீரர்கள் பக்கத்திலேயே அவரை நிற்க வைக்கிறோம்" என்று பதில். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அந்த ஒரு வரிக்குத்தான் கார்டை நீட்டினேன். மூன்று பெரியவர், இரண்டு பிள்ளைகள், மொத்தம் 216 யூரோ.

ஷான்ஸ் எலிசே சாலைப் பக்கம் வளைவுக்குப் போகும் சுரங்கப்பாதைப் படிக்கட்டுக்கு மேலே, நீலக் குடையோடு கைடு நிற்பார் என்றார்கள். நாங்கள் போனபோது தூறல். ஊரே குடை பிடித்திருந்தது. எத்தனை நீலக் குடைகளிடம் போய் அசடு வழிந்தேன் என்று கேட்காதீர்கள்.

நேரம் போய்க்கொண்டே இருந்ததால் நாங்களாகவே உள்ளே இறங்கினோம். வளைவுக்கு அடியில் போக யாரும் எதுவும் கேட்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம், அந்தப் பக்கம் கொடிகளோடு முன்னாள் வீரர் சங்கத்தார். கைடு சொல்லியிருக்க வேண்டிய கதையை நானே அப்பாவிடம் சொன்னேன். 1920 நவம்பரில் வெர்டூன் கோட்டையில் அடையாளம் தெரியாத எட்டு வீரர்களின் சவப்பெட்டிகளை வைத்தார்கள். ஒகுஸ்த் தேன் என்ற இளம் சிப்பாய் அதில் ஒன்றின் மேல் பூங்கொத்தை வைத்தார். அந்த வீரன்தான் 1921 ஜனவரியில் இங்கே அடக்கம் செய்யப்பட்டான். 1923 நவம்பர் 11 அன்று ஏற்றிய சுடர். வளைவு என்னவோ நெப்போலியன் தன் படைக்காக 1806-இல் கட்டச் சொன்னது; இன்று ஆட்கள் தலை குனிவது இந்தப் பெயரில்லாத ஆளுக்குத்தான்.

எக்காளம் ஒலித்தபோது அப்பா விறைப்பாக நின்றார். நான்? தலையைக் குனிந்து போனில் சாட் தட்டிக்கொண்டிருந்தேன். "கைடு அங்கேதான் இருக்கிறார் சார்." "இன்னும் ஐந்து நிமிடம் சார்." நிகழ்ச்சியே முடிந்துவிட்டது.

சரி, மொட்டைமாடியாவது பார்ப்போம் என்று போனால், டிக்கெட் பார்க்கும் பெண் என் கியூஆர் கோடைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். மனைவியின் போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன். அந்தத் தளத்தின் முகப்புப் பக்கம் திறக்கிறது. அவ்வளவுதான் அந்த டிக்கெட்! கவுன்ட்டரில் அதைவிடப் பெரிய அடி: 18 வயதுக்குக் கீழே கட்டணமே இல்லையாம். என் பிள்ளைகளுக்குப் 'பாதி விலை' என்று 54 யூரோ வாங்கியிருக்கிறார்கள் பாவிகள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஆரம்பித்தது பந்தாட்டம். முதலில் "நீங்கள் தாமதமாக வந்தீர்கள்". நேரம் தெரியும் போட்டோவை அனுப்பினேன். "நாங்கள் வெறும் தளம்தான், டூர் நடத்துபவரைக் கேளுங்கள்." அவர்கள் கொடுத்த மெயில் முகவரிக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது. கடைசியாக, 216 யூரோவுக்குப் பதில் செய்ன் நதியில் ஜோடியாகப் படகு விருந்து சாப்பிடப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். எரிகிற வீட்டில் பிடுங்குவது என்பது இதுதான். வங்கியில் புகார் கொடுத்தேன். 'டிக்கெட் அனுப்பியாகிவிட்டது' என்று அந்தக் கியூஆர் கோடையே தளத்துக்காரர்கள் ஆதாரமாக அனுப்பியிருக்கிறார்கள்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாப்பிடப் போனபோது யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் சிரித்தேவிட்டார். "அந்த விளக்கைப் பாக்கவோ காசு குடுத்தனீங்கள்? நாங்கள் பிள்ளையளோட சும்மா போய் நிண்டு பாத்துட்டு வாறனாங்கள், அண்ணை." இருநூற்றுப் பதினாறு யூரோ என்றதும் சிரிப்பு நின்றது. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கடுப்பில் எதுவும் வரவில்லை. கல்லறைக்கும் சுடருக்கும் டிக்கெட் இல்லை, விற்கிறேன் என்பவன் திருடன். மேலே ஏறத்தான் கட்டணம். அதை அந்த நினைவுச் சின்னத்தின் அதிகாரபூர்வத் தளத்திலோ கவுன்ட்டரிலோ மட்டும் வாங்குங்கள். வயதைக் காட்டப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மேலே 284 படி, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வளைவைச் சுற்றியுள்ள சாலையைக் குறுக்கே கடக்காதீர்கள், சுரங்கப்பாதையில் போங்கள். சாட்டில் பேசியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்கு அனுப்பியதில் பாதியை அவர்கள் அழித்துவிட்டார்கள்.

வங்கி ஏதாவது சொன்னால் கீழே சேர்க்கிறேன்.