சாக்லேட் கட்டிக்கு ஊசியும் உணவும்: மதுரைச் சிகிச்சையகம் ஒன்றில் ஆறு மாதங்கள்

மதுரை கே.கே. நகரில் இயற்கை மருத்துவமும் அக்குபஞ்சர் என்ற ஊசி சிகிச்சையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு சிறிய சிகிச்சையகத்தில், எண்டோமெட்ரியோசிஸ் வலிக்காக 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை சிகிச்சை பெற்றேன். அங்கு கண்ட குறைகளையும் எழுதப் போவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே நோயோடு சிகிச்சை தேடி அலையும் பெண்கள், இப்படிப்பட்ட ஓர் இடத்துக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் எனக்கு நிறைவு.

எனக்குப் பதினான்கு வயதில் வலி தொடங்கியது. "வயசுப் பிள்ளைக்கு வயிறு வலிக்கத்தான் செய்யும்" என்று அம்மா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார். திருமணத்துக்குப் பிறகு "ஒரு பிள்ளை பெத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார் அத்தை. 2021இல் லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவை செய்த பிறகுதான் நோயின் பெயரே எனக்குத் தெரிய வந்தது. கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் குடலைச் சுற்றியும் வளர்ந்து, அங்கெல்லாம் அழற்சியையும் தழும்பையும் உண்டாக்குகிறது. சினைப்பையில் உண்டாகும் கட்டிக்குள் பழைய இரத்தம் தேங்கிப் பழுப்பு நிறக் கூழாக இருப்பதால்தான் அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். உலகில் பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படியிருந்தும், பள்ளியில் என்னோடு ஆசிரியர் அறையில் அமரும் பெண்களில் ஒருவர்கூட இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

அறுவைக்குப் பிறகு 2023இல் கட்டி மீண்டும் வந்தது. மகப்பேறு மருத்துவர் நாளுக்கு 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் குணப்படுத்துவதாகக் கூறும் ஒரு ஹீலரிடம் போனேன். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். கால் பெருவிரலுக்கு அருகில் ஒரு நிமிடம் தொட்டார். பிறகு, "உடம்புல கழிவு தேங்கியிருக்கும்மா, அந்த மாத்திரைதான் கழிவு, இன்னைக்கே நிறுத்திருங்க" என்றார். ஸ்கேன் அறிக்கையை நீட்டியபோது வாங்கிப் பார்க்கவே இல்லை. நானும் நம்பி நிறுத்தினேன். நான்கு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில், நிமிர்ந்து நிற்கவும் முடியாமல் கணவர் தோளில் தொங்கியபடி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன், 2.8 சென்டிமீட்டராக இருந்த கட்டி 4.6 ஆகியிருந்தது. மாத்திரையை மீண்டும் தொடங்கினேன். பசித்த பிறகு சாப்பிடுங்கள், பத்து மணிக்குள் படுங்கள் என்று அவர் சொன்னவற்றில் நன்மை இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்ல சொற்களோடு சேர்த்து மாத்திரையை நிறுத்தச் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே கே.கே. நகர்ப் படிகளில் ஏறியபோது மனத்தில் பயம்தான் இருந்தது. அங்குள்ள மருத்துவர் பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவ, யோகப் பட்டப்படிப்பை முடித்தவர். முதல் நாள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசினார். என் மருத்துவக் கோப்பு முழுவதையும் வாங்கிப் படித்தார். அறுவைக் குறிப்பில் குடலருகே ஒட்டுதல் என்று எழுதியிருந்த வரியை அடிக்கோடிட்டு, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட இரண்டாவது ஆள் அவர். பிறகு, "கட்டியைக் கரைக்கிறேன்னு நான் சொல்ல மாட்டேன். வலியைக் குறைக்க முயற்சி பண்றேன். மாத்திரையை நிறுத்துறதும் தொடர்றதும் உங்க டாக்டர் முடிவு" என்றார். இந்த மூன்று வாக்கியங்களுக்காகவே நான் அங்கு தொடர்ந்து போனேன்.

ஊசி சிகிச்சை முதல் எட்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறையும், பிறகு வாரம் ஒரு முறையும் நடந்தது. ஒவ்வொரு முறையும் உறையை என் கண்முன் பிரித்து, ஒரு முறை மட்டுமே பயன்படுத்தும் ஊசிகளை எடுத்தார்கள். பயன்படுத்தியவற்றை எண்ணி, மூடியுள்ள பெட்டியில் போட்டார்கள். முடியளவே தடிமன் உள்ள ஊசி என்பதால் குத்தும்போது எறும்பு கடித்தது போல இருக்கும், அவ்வளவுதான். உள் கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே உள்ள புள்ளியில் ஊசி இறங்கியதும், வலி என்று சொல்ல முடியாத ஒரு கனம் கெண்டைக்கால் வழியே மேலேறும். ஈரத்துணியைச் சுற்றி வைத்ததைப் போன்ற கனம் அது. அடிவயிற்றிலும் முழங்காலுக்குக் கீழும் வேறு புள்ளிகள். இருபத்தைந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அப்படியே தூங்கிவிட்டேன். அன்றைக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாள் என்பதைப் பிறகு நினைத்துப் பார்த்து வியந்தேன். அந்த நாளில் எனக்கு இரவிலேயே தூக்கம் வருவதில்லை.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணிட்டு நாள்தோறும் குறிக்கச் சொன்னார்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதி வந்தேன். ஜூலையில் பெரும்பாலான நாட்களில் 7, 8 என்று இருந்தது அக்டோபரில் 4, 5 ஆனது. மாதத்துக்கு ஒன்பது, பத்து என்று விழுங்கிய வலி மாத்திரை மூன்று, நான்காகக் குறைந்தது. நவம்பர் ஸ்கேனில் கட்டி 3.4 சென்டிமீட்டருக்கு இறங்கியிருந்தது. சிகிச்சையகத்தில் மகிழ்ச்சியோடு காட்டினேன். "இது டையனோஜெஸ்ட்டோட வேலை, ஊசியோட கணக்குல சேர்க்காதீங்க" என்றார் மருத்துவர். தன் தொழிலுக்கு வரக்கூடிய புகழை இப்படித் தள்ளி வைப்பவரைப் பார்ப்பது அரிது. வலி குறைந்ததிலும் மாத்திரைக்குப் பங்கு உண்டு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் மூன்று மாதம் மாத்திரை மட்டும் எடுத்தபோதும் விடாத இடுப்பு இறுக்கம் ஊசி தொடங்கிய பிறகுதான் தளர்ந்தது. சீனாவில் 106 பெண்களைக் கொண்டு நடத்தி 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரம் அக்குபஞ்சர் பெற்றவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலி ஊசி பெற்றவர்களைவிட மாதவிலக்கு வலி அதிகமாகக் குறைந்தது; சிகிச்சையை நிறுத்திய பிறகு அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. தீபாவளியை ஒட்டி மூன்று வாரம் போகாமல் இருந்தபோது என் காலண்டர்த் தாளிலும் எண்கள் மீண்டும் ஏறின.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகப் பயன் தந்தது அதுதான். முதலில் கொடுத்த அச்சிட்ட தாளில் ஆலிவ் எண்ணெய், ப்ளூபெர்ரி, சால்மன் என்று இருந்தது. "இதை நான் எங்கே போய் வாங்குவேன் டாக்டர்?" என்று கேட்டதும், அவரே பேனாவை எடுத்து அவற்றை அடித்துவிட்டு நல்லெண்ணெய், நெல்லிக்காய், சாளை மீன் என்று எழுதினார். சாளையில் ஒமேகா 3 கொழுப்பு நிறைய உண்டு, விலையும் சால்மனில் சிறு பகுதிதான். வாரம் இரண்டு நாள் கரிமேட்டில் வாங்கிக் குழம்பு வைக்கிறோம்.

எனக்கு வலிக்கு நிகரான தொல்லை வயிற்று உப்புசம். மாலையில் புடவைக் கொசுவத்தைத் தளர்த்திக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு ஊதிவிடும். குடலில் எளிதில் நொதித்து வாயு உண்டாக்கும் உணவுகளை நான்கு வாரம் விலக்கிப் பார்க்கச் சொன்னார்கள்: சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பில் பெரும்பகுதி. மதுரைக்காரர்களுக்கு இந்தப் பட்டியலின் கொடுமை புரியும். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எந்தக் குழம்பை வைப்பது? அதற்கு அவர் சொன்ன வழியை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பூண்டில் உபாதை தரும் சத்து நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே முழுப் பற்களை எண்ணெயில் வதக்கி, மணம் இறங்கியதும் பற்களை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதை அட்டையைத் திருப்பிப் படித்தபோதுதான் அறிந்தேன். கட்டிப் பெருங்காயத்திலும் அப்படியே, மாவு சேராததைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே வயிறு இளகியது. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். சின்ன வெங்காயம் கொஞ்சமாக ஒத்துக்கொண்டது, தயிர் ஒத்துக்கொண்டது, பூண்டும் பரோட்டாவும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த விலக்கலை நான்கைந்து வாரங்களுக்கு மேல் நீட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். என்னைப் போல இரத்தசோகை உள்ளவர்கள் நீட்டினால் இன்னும் வாடிவிடுவார்கள். கட்டியை எந்த உணவும் கரைத்துவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

வாழ்க்கை முறை என்ற தலைப்பில் சொன்னவை எளியவை. பத்து மணிக்குள் உறக்கம், படுக்கையில் கைப்பேசி கூடாது, வலி நாளில் வெந்நீர்ப் பை, மூச்சை அடிவயிறு வரை இழுத்து இடுப்புத் தசையைத் தளர்த்தும் பயிற்சி. காலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். வலி கூடுதலாக இருந்த நாட்களில் பாதிச் சுற்றோடு படியில் உட்கார்ந்துவிடுவேன், அதையும் குறிப்பில் எழுதச் சொன்னார்கள்.

குறைகள் உண்டு. சிகிச்சையகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது. நோயின் உச்சத்தில் வருபவருக்கு அந்தப் படிகள் தண்டனை. படுக்கைகளுக்கு நடுவே வெறும் திரைதான். அடுத்த படுக்கையில் ஒருவர் தன் தாம்பத்திய வலியைப் பற்றித் தாழ்ந்த குரலில் கூறியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எண்டோமெட்ரியோசிஸில் அந்த வலி முக்கிய அறிகுறி, அதை வாய் திறந்து சொல்லவே பெண்களுக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சொல்ல நான்கு சுவர் வேண்டும். சனிக்கிழமைகளில் குறித்த நேரத்துக்குப் போயும் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வரவேற்பு மேசையில் கருப்பைக்கு நல்லது என்று ஒரு சூரணத்தை வலிந்து விற்கிறார்கள். மருத்துவரிடம் கேட்டபோது வேண்டாம் என்றார், ஆனாலும் அது இன்னும் அங்கேயே அடுக்கப்பட்டிருக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது. முதல் ஆலோசனைக்கு 600 ரூபாயும் ஒவ்வொரு ஊசி அமர்வுக்கும் 450 ரூபாயும் வாங்கினார்கள். வாரம் இருமுறை என்றால் சாதாரணக் குடும்பத்துக்கு அது சுமைதான்.

இப்போது மாதம் இரண்டு முறை போகிறேன். படுக்கையில் படுக்கும் முன் மருத்துவர் தவறாமல் இரண்டு கேள்வி கேட்கிறார்: மாத்திரை தொடர்கிறதா, நாள் தள்ளிப் போயிருக்கிறதா. கருத்தரித்திருக்க வாய்ப்பு இருந்தால் கணுக்காலுக்கு மேலுள்ள அந்தப் புள்ளியில் ஊசி போட மாட்டாராம். போன வாரம் மகப்பேறு மருத்துவரிடம் காலண்டர்த் தாள்களைக் கட்டாகக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்கேனுக்கு வரும்போதும் இதைக் கொண்டு வாருங்கள் என்று திருப்பித் தந்தார்.