வேப் டேங்க்: ரீஃபில், காயில், பராமரிப்பு – நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

லிக்விட் ஊற்றிப் பயன்படுத்தும் வேப் (இ-சிகரெட்) டேங்கைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் சொல்லும் புகார் இரண்டு. அடியில் ஒழுகுகிறது என்பது ஒன்று. இழுத்தால் தீய்ந்த வாடை வருகிறது என்பது இன்னொன்று. சிகரெட்டிலிருந்து இதற்கு மாறி, காயில், அதாவது லிக்விடைச் சூடாக்கும் சிறு பாகம், மட்டும் மாற்றிக்கொள்ளும் கண்ணாடி டேங்கை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். என் அனுபவத்தில் இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றே: காயிலுக்குள் இருக்கும் பஞ்சுக்கு எவ்வளவு லிக்விட் போய்ச் சேருகிறது என்பதுதான். அதிகமாகப் போனால் ஒழுகும், போதாவிட்டால் தீயும்.

மேலே போகுமுன் ஒன்று. இது ஏற்கெனவே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர்களுக்கான பேச்சு. புகைப் பழக்கமே இல்லாதவர்கள், குறிப்பாக இளையவர்கள், இதைத் தொடவே வேண்டாம். நிக்கோட்டின் பிடித்தால் எளிதில் விடாது. இந்தியா உட்படப் பல நாடுகளில் இதன் விற்பனைக்குத் தடையும் இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் என்ன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்கின் நடுவில் ஒரு குழாய், அதன் அடியில் காயில். காயிலின் பக்கவாட்டில் சிறு துளைகள், துளைகளுக்குள் பஞ்சு, பஞ்சு சுற்றிய கம்பி. கம்பி சூடானதும் பஞ்சிலிருக்கும் லிக்விட் ஆவியாகும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பஞ்சு மறுபடியும் இழுத்துக்கொள்ளும். இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. லிக்விட் குறையும்போது மேலே இருக்கும் காற்றுக்கு இடம் கூடுகிறது, அதனால் உள்ளே அழுத்தம் சற்றுக் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம்தான் லிக்விட் முழுவதும் கீழே கொட்டிவிடாமல் பிடித்து வைக்கிறது. ஒரு இழுப்புக்குப் பிறகு துளையிலிருந்து குமிழ் ஒன்று மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். போன லிக்விடுக்கு ஈடாகக் காற்று உள்ளே வருகிறது, எல்லாம் சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மேல்மூடி சரியாக மூடாமல் அந்த வழியாகக் காற்று புகுந்தால் பிடிமானம் போய்விடும். அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

ரீஃபில் செய்யும் முறை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. மேல்மூடியைத் திறக்கும் முன் காற்று வளையத்தை, அதாவது காற்றுத் துளையைத் திறந்து மூடும் வளையத்தை, முழுதாக மூடிவிடுங்கள். பாட்டில் முனையை ஊற்றும் துளைக்குள் விட்டு, டேங்கைச் சற்றுச் சாய்த்து, மெதுவாக ஊற்றுங்கள். நடுக்குழாய்க்குள் ஒரு சொட்டும் விழக் கூடாது. விழுந்தால் அது நேராகக் காயிலுக்குப் போய், இழுக்கும்போது வாய்க்கே வந்துவிடும். விளிம்பு வரை நிரப்பாமல் மேலே கொஞ்சம் காற்று விடுங்கள். காற்றே இல்லாமல் மூடியைத் திருகினால், அது அழுத்தி லிக்விடைப் பஞ்சுக்குள் தள்ளும். மூடியதும் டேங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காற்று வளையத்தைத் திறந்து, பிறகு நிமிர்த்துங்கள். மூடும்போது உள்ளே சேர்ந்த அழுத்தம் லிக்விடைத் தள்ளாமல் காற்றாகவே வெளியேறிவிடும். சில நொடி வேலைதான், ஆனால் ஒழுகலைக் குறைப்பதில் இதற்கு நிகரான பழக்கத்தை நான் பார்த்ததில்லை. அடிப்பக்கம் ஊற்றும் டேங்க் என்றால் அதைத் தலைகீழாக வைத்து, அடிப்பாகத்தைக் கழற்றி, குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே ஊற்ற வேண்டும்.

எப்போது நிரப்புவது? டேங்க் காலியாகும் வரை காத்திருக்க வேண்டாம். லிக்விட் மட்டம் காயிலின் துளைகளுக்குக் கீழே போனதுமே பஞ்சு காய ஆரம்பித்துவிடும். துளை பாதி தெரியும்போதே ஊற்றிவிடுங்கள்.

புதுக் காயில் போடும்போது பொறுமை வேண்டும். ஒவ்வொரு துளையிலும் தெரியும் பஞ்சில் ஒரு சொட்டு, உள்ளே மேலிருந்து ஓரிரு சொட்டு விட்டு, பஞ்சின் நிறம் மாறி நனைந்ததா என்று பாருங்கள். பிறகு பொருத்தி, டேங்கை நிரப்பி, ஐந்திலிருந்து பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தாமல் சும்மா இரண்டு மூன்று முறை இழுத்தால் லிக்விட் இன்னும் நன்றாக ஏறும். காயில் மேலேயே எத்தனை வாட் வரை போகலாம் என்று அச்சடித்திருப்பார்கள். அதில் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள். காய்ந்த பஞ்சு ஒரே ஒரு முறை கருகினால் போதும், அந்த வாடை அந்தக் காயிலை விட்டுப் போகவே போகாது.

இனி லிக்விட். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் டேங்கைக் குறை சொல்லும் பல நேரங்களில் பிரச்சினை பாட்டிலில்தான் இருக்கிறது. லிக்விடின் அடிப்படை இரண்டு பொருள்கள்: பிஜி எனப்படும் புரொப்பிலீன் கிளைக்கால், விஜி எனப்படும் கிளிசரின். பிஜி நீர்த்தது, சுமார் 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். விஜி தேன் பதத்தில் கெட்டியானது, கொதிநிலை சுமார் 290 டிகிரி. மின்தடை ஒரு ஓமுக்கு மேல் உள்ள சிறு காயிலின் துளைகள் சின்னவை. இரண்டும் சரிபாதி கலந்த லிக்விட் அதற்கு ஒத்துப்போகும். அதில் விஜி 70 சதவீதம் உள்ள கெட்டி லிக்விடை ஊற்றினால் பஞ்சு இழுக்கத் திணறும், அடுத்தடுத்து இழுத்தால் தீயும். மாறாக, அரை ஓமும் அதற்குக் கீழும் உள்ள பெரிய காயிலில் நீர்த்த லிக்விடை ஊற்றினால் அது பஞ்சைத் தாண்டி வழிந்துவிடும். குளிரில் லிக்விட் கெட்டியாகும், வெயிலில் இளகும். நேற்று வரை சரியாக இருந்த டேங்க் வெயிலில் வைத்ததும் ஒழுகுவது இதனால்தான்.

காயில் எத்தனை நாள் வரும் என்பதை நிர்ணயிப்பது, என் பார்வையில், இனிப்பு. பல சுவைகளில் சுக்ரலோஸ் சேர்க்கிறார்கள். அது ஆவியாகிப் போகாமல் கம்பியில் கருகி, கறுப்புப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. இனிப்பு தூக்கலான, நிறம் அடர்ந்த லிக்விடில் ஒரு வாரத்துக்குள்ளேயே சுவை மங்கிவிடும். இனிப்பில்லாத, தெளிந்த லிக்விடில் அதே காயில் இரண்டு மடங்கு நாளுக்கு மேலும் தாராளமாக வருகிறது. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: எண்ணெய் சேர்ந்த எதையும், சமையல் எசென்ஸ் உட்பட, டேங்கில் ஊற்றாதீர்கள். எண்ணெயை நுரையீரலுக்குள் இழுப்பது உயிருக்கே ஆபத்து.

இழுக்கும்போது களகளவென்று சத்தம் கேட்டால் காயில் லிக்விடில் மூழ்கியிருக்கிறது என்று அர்த்தம். வாட்டைக் கூட்டி எரித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், சூடான துளிகள் வாயில் தெறிக்கும். டேங்கைக் கழற்றி, அடியில் டிஷ்யூ வைத்துப் பிடித்து, வாய்முனை வழியாக ஊதினால் தேங்கியது வெளியே வந்துவிடும். அடியில் தெரியும் ஈரமெல்லாம் ஒழுகலும் இல்லை. குழாய்க்குள் ஆவி குளிர்ந்து துளியாகி இறங்குவதும் உண்டு. தினமும் ஒருமுறை துடைத்தால் அது தீர்ந்தது. துடைக்கும்போது பேட்டரியோடு சேரும் திருகையும் நடு முனையையும் சேர்த்தே துடையுங்கள். திரையில் காயில் இல்லை என்று காட்டினால் முக்கால்வாசி நேரம் அங்கே ஈரமோ அழுக்கோதான் இருக்கும். டேங்கை இறுக்கித் திருகினால் அந்த முனை உள்ளே அமுங்கிவிடும், கைக்குப் பிடித்து நின்றாலே போதும்.

காயில் மாற்றும்போதெல்லாம் டேங்கை முழுதாகக் கழுவுகிறேன். எல்லாப் பாகத்தையும் பிரித்து, வெதுவெதுப்பான நீர், தேவைப்பட்டால் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, நன்றாக அலசல், முழுதாகக் காயும் வரை காத்திருப்பு. அவ்வளவுதான். கவனம் வேண்டியது ரப்பர் வளையங்களில். வெடிப்பு, தளர்வு, முறுக்கல் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விரல்நுனியில் கொஞ்சம் கிளிசரின் எடுத்துத் தடவிப் பொருத்துங்கள். பெட்டியோடு வரும் உபரி வளையங்களையும் கண்ணாடியையும் பத்திரமாக வையுங்கள். காயிலைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கருகிய பஞ்சு எத்தனை முறை அலசினாலும் கருகிய பஞ்சுதான்.

பயணத்தில் டேங்கை நிமிர்த்தியே வையுங்கள். விமானத்தில் அறையழுத்தம் குறையும்போது டேங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து லிக்விடை வெளியே தள்ளும், ஆகவே காலி செய்துவிட்டு ஏறுவது நல்லது. கருவியும் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. கழற்றும் வகை பேட்டரியின் உறை கிழிந்திருந்தால் பயன்படுத்தாதீர்கள், சாவி, சில்லறையோடு சேர்த்துப் பையில் போடவும் வேண்டாம்.

நிக்கோட்டின் லிக்விட் விஷம் என்பதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், டேங்குக்கு 2 மில்லி, பாட்டிலுக்கு 10 மில்லி என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறு பாட்டில் ஒன்றிலேயே 200 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கலாம். ஒரு குழந்தை அதை விழுங்கினால் உயிரே போகலாம். தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும். அதனால் கையில் பட்டால் உடனே கழுவுங்கள், சிந்தியதை உடனே துடையுங்கள். பாட்டில், காலி டேங்க், கழற்றிய காயில் எல்லாம் குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் எட்டாத, பூட்டிய இடத்தில் இருக்கட்டும். காயிலைக் குப்பையில் போடும்போதும் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள்.

இன்று ஒருவர் புதிதாக டேங்க் தேர்ந்தெடுத்தால் நான் பார்க்கச் சொல்வது இவை. பிளாஸ்டிக்கைவிடக் கண்ணாடி நல்லது, ஏனென்றால் எலுமிச்சை, பட்டை போன்ற சில சுவைகள் பிளாஸ்டிக்கையே வெடிக்க வைக்கும். ஊற்றும் வழி மேலே இருக்கட்டும், முடிந்தால் காற்றுத் துளையும் மேலேயே இருக்கட்டும். லிக்விட் மட்டத்துக்கு மேலே உள்ள துளை வழியாக ஒழுகுவது அரிது. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த டேங்குக்கான காயிலும் ரப்பர் வளையமும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால், எவ்வளவு நல்ல டேங்காக இருந்தாலும் வாங்க வேண்டாம்.