டிரேட்மார்க் உங்களுடையது, டொமைன் வேறொருவரிடம்: மீட்க எந்த வழி?

எந்த வழியில் போவது என்று யோசிப்பதற்கு முன் இரண்டு தேதிகளைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்ளுங்கள். இப்போது வைத்திருப்பவர் கைக்கு அந்த டொமைன் வந்த தேதி ஒன்று. அந்தப் பெயரில் உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை தொடங்கிய தேதி இன்னொன்று. டொமைன் முந்தியது, உங்கள் உரிமை பிந்தியது என்றால் கீழே வரும் வழிகளில் பாதி அப்போதே அடைபட்டுவிடும். ஒரே ஆள் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தது புதிய பதிவாகக் கணக்கில் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கியிருந்தால் அந்த வாங்கிய தேதிதான் கணக்கு. இந்த ஒன்றைச் சரிபார்க்காமல் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டு வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள்.

வழிகள் நான்கு: யூடிஆர்பி (டொமைன் தகராறுகளுக்கான நடுவர் விசாரணை), யூஆர்எஸ் (டொமைனை வேகமாக முடக்கும் நடைமுறை), நீதிமன்றம், பேசி வாங்குவது.

யூடிஆர்பி: பெயரே கைக்கு வர வேண்டும் என்றால்

உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பொது டொமைன்களை யார் பதிவு செய்தாலும், பதிவு ஒப்பந்தத்திலேயே இதற்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் எதிராளி எந்த நாட்டில் இருந்தாலும் இது செல்லும். ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ, செக் நடுவர் நீதிமன்றம் போன்ற சில மையங்கள்தான் புகாரை ஏற்று விசாரிக்கின்றன.

நிரூபிக்க வேண்டியவை மூன்று, மூன்றும் சேர்ந்தே. டொமைன் உங்கள் டிரேட்மார்க்கோடு ஒன்றாகவோ குழப்பும்படியோ இருக்க வேண்டும். எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமையோ நலனோ இருக்கக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும், கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தவும் வேண்டும். முதலாவது பெரும்பாலும் எளிதில் தாண்டக்கூடிய படிதான். புகார்கள் உடைவது மூன்றாவதில். ஆரம்பத் தேதிகள் இங்கேதான் வேலை செய்கின்றன: இல்லாத டிரேட்மார்க்கைக் குறிவைத்து யாரும் பதிவு செய்திருக்க முடியாது என்பது நடுவர்களின் வழக்கமான நிலைப்பாடு.

வைப்போவில் 5 டொமைன்கள் வரை ஒரே நடுவர் விசாரிக்க 1,500 டாலர், மூவர் குழு என்றால் 4,000 டாலர். நீங்கள் ஒருவரைக் கேட்டு, எதிராளி மூவரைக் கேட்டால் மூவர் கட்டணத்தை இருவரும் பாதிப்பாதி ஏற்க வேண்டும். வழக்கறிஞர் செலவு தனி. புகாரின் வாதப் பகுதி 5,000 சொற்களுக்குள் அடங்க வேண்டும். பதிவு ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறதோ அதுவே பொதுவாக விசாரணை மொழி. இதைக் கவனிக்காமல் ஆங்கிலத்தில் போட்டுவிட்டுப் பிறகு மொழிபெயர்க்க ஓடுகிறவர்களும் உண்டு.

தாக்கல் செய்ததும் மையம் பதிவாளரிடம், அதாவது டொமைனைப் பதிவு செய்துகொடுத்த நிறுவனத்திடம், விவரம் கேட்கும். பதிவாளர் 2 வேலை நாட்களுக்குள் பெயரை யாருக்கும் மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். உரிமையாளர் விவரம் இப்போதெல்லாம் பொதுவில் மறைக்கப்பட்டிருப்பதால், பதிவாளர் தரும் உண்மைப் பெயரைப் பார்த்துப் புகாரைத் திருத்த 5 நாட்கள் கிடைக்கும். அந்தப் பெயரைப் பார்த்தபின் வழக்கின் முகமே மாறலாம்: முன்னாள் விநியோகஸ்தராகவோ, உங்கள் பிராண்டின் சொல்லையே குடும்பப் பெயராகக் கொண்டவராகவோ இருக்கக்கூடும். பதில் சொல்ல எதிராளிக்கு 20 நாட்கள், கேட்டால் கூடுதலாக 4 நாட்கள். நடுவர் நியமனமானதும் 14 நாட்களில் தீர்ப்பு. மொத்தத்தில் இரண்டு மாதம்.

எதிராளி பதிலே போடாவிட்டாலும் வெற்றி தானாக வந்துவிடாது. நடுவர் பார்ப்பது புகாரோடு இணைத்த ஆவணங்களைத்தான்: தேதியோடு கூடிய திரைப்பிடிப்புகள், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் உள்ள பக்கங்கள், அந்த டொமைனில் மின்னஞ்சல் வாங்க எம்எக்ஸ் பதிவு போடப்பட்டிருக்கிறதா என்பது. எழுத்துப்பிழைப் பெயர் ஒன்றில் பக்கம் எதுவும் இல்லாமல் எம்எக்ஸ் மட்டும் இருந்தால் போலி மின்னஞ்சல் அனுப்பும் ஆபத்து என்று வாதிட வலுவான பிடி அது. டொமைனை எதற்கும் பயன்படுத்தாமல் வெறுமனே வைத்திருப்பதும் சூழ்நிலையைப் பொறுத்துக் கெட்ட எண்ணப் பயன்பாடு ஆகலாம் என்று 2000-லேயே டெல்ஸ்ட்ரா வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது.

யூடிஆர்பியால் முடியாதவையும் உண்டு. இழப்பீடு கிடைக்காது, செலவுத்தொகை கிடைக்காது; பெயரை மாற்றித் தரலாம், அல்லது ரத்து செய்யலாம், அவ்வளவே. சாட்சியும் குறுக்கு விசாரணையும் நடைமுறையில் இல்லை, எல்லாம் காகிதத்தில்தான். கூட்டாளிகள் பிரிந்தபோது டொமைன் யாருக்கு, தளம் கட்டிக்கொடுத்தவர் தன் பெயரில் பதிவு செய்து பாக்கிக்காகப் பிடித்து வைத்திருக்கிறார் என்பது போன்ற சண்டைகளை நடுவர்கள் பல சமயம் 'இது ஒப்பந்தத் தகராறு' என்று தள்ளிவிடுவார்கள். உங்கள் பொருளை உண்மையாகவே விற்கும் மறுவிற்பனையாளரும் கடினமான எதிராளி. அந்தப் பொருளை மட்டும் விற்று, உங்களோடு தனக்கு உள்ள உறவைத் தளத்தில் தெளிவாகச் சொல்லி, உங்கள் பிராண்டின் எல்லா டொமைன்களையும் வளைத்துப் போடாமல் இருந்தால், 2001-ன் ஓக்கி டேட்டா தீர்ப்பு அவர் பக்கம் நிற்கும்.

தோற்பது தெரிந்தே, மிரட்டுவதற்காகப் புகார் போட்டால் 'தலைகீழ் டொமைன் கடத்தல்' என்று தீர்ப்பில் எழுதிவிடுவார்கள். அபராதம் இல்லை. ஆனால் தீர்ப்பு பொதுவில் தேடக் கிடைக்கும்.

யூஆர்எஸ்: உடனே மூட வேண்டும் என்றால்

2013-ல் வந்த இந்த வேக வழி புதிய டொமைன் முடிவுகளுக்காக (டாட் காம் போலப் பெயரின் கடைசியில் வரும் பகுதி) உருவானது. பிறகு டாட் ஆர்க், டாட் இன்ஃபோ போன்ற சில பழையவற்றிலும் சேர்க்கப்பட்டது. யூடிஆர்பியைவிடப் பல மடங்கு மலிவு. புகார் 500 சொற்கள்தான். அந்த முடிவை நடத்தும் ரெஜிஸ்ட்ரி 24 மணி நேரத்தில் பெயரைப் பூட்டும், பதிலுக்கு 14 நாட்கள்.

மலிவைப் பார்த்து மயங்கக் கூடாத இடம் இது. வென்றாலும் பெயர் உங்களுக்கு வராது; மீதமுள்ள பதிவுக் காலம் முழுவதும் முடக்கி வைப்பார்கள், கட்டணம் கட்டினால் மேலும் ஓராண்டு நீட்டலாம். காலம் முடிந்து பெயர் சந்தைக்கு வந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நிரூபணமும் கடினம்: ஐயத்துக்கு இடமில்லாத தெளிவான சான்று வேண்டும், பதிவான டிரேட்மார்க் பயன்பாட்டில் இருப்பதையும் காட்ட வேண்டும். பதிவு இல்லாத, பழக்கத்தால் வந்த உரிமையோடு இங்கே நுழைவது கஷ்டம். யூடிஆர்பியில் போதிய ஆதாரம் இருந்தால் அதுவும் எடுபடும். என் கணிப்பில் யூஆர்எஸ் பொருந்துவது ஒரே வகைக்கு: நாளையே மூட வேண்டிய போலித் தளம், எப்போதும் உங்களுக்குத் தேவைப்படாத பெயர்.

நீதிமன்றம்: பணம் வேண்டும், அல்லது உண்மையே சர்ச்சையில் என்றால்

அமெரிக்காவின் 1999 சைபர்ஸ்குவாட்டிங் தடுப்புச் சட்டப்படி ஒரு டொமைனுக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை சட்டமே நிர்ணயித்த இழப்பீடு கேட்கலாம். யூடிஆர்பியில் பதிவு, பயன்பாடு இரண்டும் கெட்ட எண்ணத்தோடு இருக்க வேண்டும். இங்கே பதிவு, விற்பனை முயற்சி, பயன்பாடு ஆகியவற்றில் ஒன்றே போதும். எதிராளியைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் டொமைன் மீதே வழக்குப் போடலாம். டாட் காமை நடத்தும் வெரிசைன் வர்ஜீனியாவில் இருப்பதால் அத்தகைய வழக்குகள் அங்கே குவிகின்றன. மற்ற நாடுகளில் டிரேட்மார்க் மீறல், பெயரைத் திருடி ஏமாற்றுதல் என்ற பொதுச் சட்டங்களின்கீழ் போக வேண்டும்.

இந்த வழிக்கு நீங்கள் கொடுக்கும் விலை காலம். நிசான் டாட் காமை 1994-ல் பதிவு செய்தவரின் குடும்பப் பெயரே நிசான். கார் நிறுவனம் 1999-ல் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் டொமைன் அவரிடமே இருந்தது.

யூடிஆர்பி தோற்றவருக்கும் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கிறது. டொமைனை மாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தாலும் பதிவாளர் 10 வேலை நாட்கள் காத்திருப்பார். அதற்குள் எதிராளி உரிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் பெயர் பூட்டியபடியே நிற்கும்.

பேசி வாங்குவது

இதைத் தோல்வியாக நினைப்பவர்கள் உண்டு. டொமைன் உங்கள் டிரேட்மார்க்குக்கு முந்தியது என்றால் இதுவே நேர்மையான வழி, பல சமயம் மலிவான வழியும்கூட. யார் முதலில் விலை பேசுகிறார்கள் என்பதுதான் முக்கியம். எதிராளி தானாக வந்து பதிவுச் செலவைவிட அதிகம் கேட்டால் அது கெட்ட எண்ணத்துக்குச் சான்றாகலாம். நீங்களே 'எவ்வளவு?' என்று கேட்டு வாங்கிய விலைக்கு அந்த வலு குறைவு. வக்கீல் நோட்டீஸோடு தொடங்காதீர்கள்: பூட்டப்படாத டொமைனை எதிராளி வேறு பெயருக்கு மாற்றலாம், தளத்தைத் துடைத்துவிடலாம். இன்றைய பக்கங்களைப் பதிவு செய்தபின், இடைத்தரகர் மூலம், எஸ்க்ரோவில் (பெயர் கைமாறும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் மூன்றாம் தரப்பிடம்) பணம் வைத்து வாங்குங்கள். யூடிஆர்பி நடுவிலும் சமரசம் பேச விசாரணையை நிறுத்தி வைக்கலாம். நடுவர் நியமனத்துக்கு முன் முடிந்தால் வைப்போ 1,500-ல் 1,000 டாலரைத் திருப்பித் தரும்.

நாட்டு முடிவுகள் தனிக் கதை. டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்ற தனித் தகராறு விதிகள், அதில் பதிவு அல்லது பயன்பாடு, ஏதாவது ஒன்றில் கெட்ட எண்ணம் போதும். டாட் யூகேக்கு அதை நடத்தும் நாமினெட்டின் விதிகள், அங்கே இலவச சமரசக் கட்டமும் உண்டு. டாட் காமுக்கு எழுதிய புகாரை அப்படியே நகலெடுத்துப் போடாதீர்கள்.

எந்த வழியானாலும் டொமைன் காலாவதியாகும் தேதியைக் குறித்து வையுங்கள். யூடிஆர்பி விசாரணையின்போது காலாவதியானால், பதிவு செய்தவருக்கு உள்ள அதே விலை நிபந்தனைகளில் புதுப்பிக்கும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பணம் கட்ட வேண்டியது நீங்கள்தான்.