உப்புக்காற்றில் குவேக்: நாள்பட ஓட்டிப் பார்த்ததில் தேறியதும் தேறாததும்

குவேக் என்னும் துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டம் முதலில் வந்தது 1996 ஜூனில். ஐடி சாஃப்ட்வேரின் அந்த ஆட்டத்தை நைட்டைவ் ஸ்டூடியோஸ் ஆட்டத்தை இயக்கும் தன் மென்பொருளான கெக்ஸ் எஞ்சினுக்கு மாற்றி 2021 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பழைய குவேக்கை வாங்கி வைத்திருந்தவர்களின் கணக்கில் தனிக் காசு இல்லாமலே வந்து உட்கார்ந்துகொண்டது. வந்த வாரத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் படத்தின் பளபளப்பைப் பேசிவிட்டுப் போனார்கள். மாதக்கணக்கில் ஓட்டினால் பளபளப்பு பழகிப்போகிறது. ஓடும் வேகம், குதித்தபடியே காற்றில் திரும்பும் லாவகம், ராக்கெட்டைக் காலடியில் விட்டு எகிறும் வித்தை எதிலும் கைவைக்காமல் விட்டிருக்கிறார்களே, அதுதான் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கிறது. இன்னொன்று, தனி ஆட்டம் இணையம் இல்லாமலே முழுசாக ஓடும். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, ஒரு வீட்டில் நாலு கோடும் அடுத்த வீட்டில் ஒரு கோடுமாக சிக்னல் வரும் கரையில் இது சின்ன விஷயம் இல்லை.

இறக்கியதும் நேராக செட்டிங்ஸுக்குள் போய்விடுங்கள். மோஷன் பிளரையும் டெப்த் ஆஃப் ஃபீல்டையும் அணைப்பது முதல் வேலை. இவ்வளவு வேகமான ஆட்டத்தில் படத்தை மங்கலாக்கும் எதுவும் எதிரியைத்தான் மறைக்கும். ஆம்பியன்ட் அக்லூஷன் சுவர் மூலைகளில் நிழல் பூசுகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அது இருக்கட்டும். பிராசஸரோடு ஒட்டி வந்த கிராபிக்ஸில் ஓட்டுபவர்கள் அதையும், விளிம்புகளின் பல்வரிசையை மழுப்பும் ஆன்டி-அலையாசிங்கையும் அணைத்தால் சண்டை நடுவே வரும் திக்கல் குறையும். சுவர், தரை மேல் ஒட்டிய படங்களான டெக்ஸ்சரை வழவழப்பாக்கும் தேர்வும் வேண்டாம். 1996-இல் சின்னதாக வரைந்த படங்கள் அவை. வழவழப்பாக்கினால் கல்சுவர் களிமண் ஆகிவிடும். எதிரிகளின் புது உருவங்களை மட்டும் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். பழைய உருவக்கோட்டைக் கெடுக்காமல் செய்திருப்பதால் இருட்டிலும் யார் வருகிறார் என்று தெரிகிறது.

பார்வைக் கோணமான எஃப்.ஓ.வி-யை அகலத் திரையில் 95 முதல் 100 வரை வைப்பது நல்லது. 110-ஐத் தாண்டினால் ஓரங்கள் இழுபட்டு, நடுவில் இருப்பது எட்டத்தில் தெரியும். கிரெனேடு போடும்போது தூரக் கணக்கு தப்பும். மவுஸ் இழுவையாகத் தோன்றினால் முதலில், திரையின் வேகத்துக்கு ஆட்டத்தைக் கட்டிப்போடும் வி-சிங்க்கைச் சந்தேகப்படுங்கள். இந்த ஆட்டமே பழுப்பும் இருட்டும்தான். முன்வாசல் வெயில் திரையில் விழுகிறது என்று பிரைட்னஸைக் கூட்டினால் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். ஜன்னலைச் சாத்துங்கள், அதுதான் வழி.

முதல் ஆட்டத்துக்கு இசையமைத்த ட்ரென்ட் ரெஸ்னரின் இசை இதில் சேர்ந்தே வருகிறது. ஸ்டீமில் விற்ற பழைய பதிப்பில் அது இல்லை. இசையைக் குறைத்து வைத்துவிட்டு ஹெட்போனில் ஆடிப் பாருங்கள்; அடுத்த அறையில், ரம்பம் ஏந்திய எதிரியான ஓகரின் ரம்பச் சத்தம் கேட்டே எந்தத் துப்பாக்கியை எடுப்பது என்று முடிவு செய்யலாம்.

துப்பாக்கிக் கணக்கு 1996-இல் இருந்ததுதான். திரும்ப வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடமும் இதுதான். சாதா ஷாட்கன் ஒரு வெடிக்கு 24 அடி, இரட்டைக்குழல் 56. ஒரு ஓகருக்கு 200 ஹெல்த், அதாவது உயிர்ப்புள்ளி. பக்கத்தில் நின்று இரட்டைக்குழலில் நாலு வெடி. பாய்ந்து தாக்கும் ஃபீண்டுக்கு 300, ஆறு வெடி. மின்னல் எறியும் பெரிய மிருகமான ஷாம்ப்ளருக்கு 600. ராக்கெட் இருக்கிறதே என்று அதன் மேல் அள்ளி விடுகிறார்கள். வெடிப்பொருள் எதுவும் ஷாம்ப்ளருக்குப் பாதிதான் உறைக்கும். இரட்டைக்குழலில் பதினொரு வெடி, அதாவது 22 தோட்டா. சூப்பர் நெயில்கன்னில் கிட்டத்தட்ட 70 ஆணி. மின்னல் பாய்ச்சும் துப்பாக்கியான தண்டர்போல்ட்டில் 20 செல் (அதற்குப் போடும் மின்கலம்), இரண்டு வினாடியில் கதை முடியும். ஷாம்ப்ளர் கையைத் தூக்கி மின்னலைத் திரட்டும்போது தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, இறக்கியதும் வெளியே வந்து சுட வேண்டும். தூண் இல்லாவிட்டால் ஒட்டிப்போய் அடிக்க வைத்துப் பின்வாங்கலாம், ஆனால் அது பழகிய காலுக்குத்தான் வரும்.

ஜாம்பிக்கு ஹெல்த் 60தான். ஆனால் அந்த 60-ஐயும் ஒரே அடியில் எடுக்காவிட்டால் விழுந்து விழுந்து எழும். ஆணியும் தோட்டாவும் வீண், கிரெனேடு போடுங்கள். அடியை நாலு மடங்காக்கும் குவாட் டேமேஜ் ஓடும் 30 வினாடிக்குள் என்றால் சாதா ஷாட்கன்னே 96 ஆகிவிடும், பக்கத்தில் போய் ஒரு வெடி போதும். தண்ணீருக்குள் நின்று தண்டர்போல்ட்டை அழுத்தாதீர்கள். கையிலுள்ள செல் முழுவதும் ஒரே நொடியில் இறங்கி உங்களையே கொல்லும். கடற்கரைப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்போம். இருந்தாலும் எல்லாரும் ஒரு தடவை செய்துவிடுகிறார்கள்.

மிகக் கடினமான நைட்மேர் நிலையில் மட்டும் இந்தப் பதிப்பு விதியை மாற்றியிருக்கிறது: ஹெல்த் 50-க்கு மேல் ஏறாது. ராக்கெட் ஜம்ப் ஒன்றுக்கே ஏறக்குறைய அவ்வளவு போய்விடும். ஆக ஆர்மர் இல்லாமல் அந்த வித்தையை மறந்துவிடலாம். சிவப்பு ஆர்மர் அடியில் 80 சதவீதம் தாங்கும், மஞ்சள் 60, பச்சை 30. முதல் சுற்றை ஒரு படி கீழான ஹார்டு நிலையில் ஆடுவதே ருசி.

முதல் எபிசோடு இன்றைக்கும் குறையில்லை. அதன் ரகசிய லெவலான ஜிகுராட் வெர்ட்டிகோவில் ஈர்ப்பு விசை குறைவு; எறிந்த கிரெனேடு இறங்க நேரமாகும், அவசரப்படாதீர்கள். நாலாவது எபிசோடு பெரும்பாலும் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்தது. ஸ்பான் என்னும் நீலக் குழம்பு செத்ததும் வெடிக்கும், அதுவும் ஒடுங்கிய சந்துகளில். புதுசாக ஆடுபவர்கள் இங்கேதான் ஆட்டத்தை மூடி வைக்கிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. 1997-இல் வந்த இரண்டு கூடுதல் தொகுப்புகளில் ஸ்கர்ஜ் ஆஃப் ஆர்மகான் பரவாயில்லை. டிஸ்ஸல்யூஷன் ஆஃப் எடர்னிட்டி இழுவை. இந்தப் பதிப்புக்கென்றே மெஷின்கேம்ஸ் நிறுவனம் செய்த புது எபிசோடான டைமென்ஷன் ஆஃப் தி மெஷின்தான் புதையல். ஆனால் அதன் மண்டபங்கள் பெரியவை, எதிரிக் கூட்டமும் பெரியது. மற்ற எபிசோடுகளில் சீராக ஓடும் பழைய லேப்டாப் இதில் மூச்சு வாங்கும். ரெசல்யூஷனை 1280க்கு 720 என்று இறக்கிவிட்டு ஆடுங்கள்.

மின்தடை நாளில் லேப்டாப்காரர்களுக்குக் கவலை இல்லை. டெஸ்க்டாப் என்றால் 600 விஏ யூபிஎஸ் ஆட்டத்தை முடிக்க உதவாது, சேவ் செய்து மூடத்தான். எஃப்6 சட்டென்று சேவ் செய்யும், எஃப்9 அந்த இடத்துக்குத் திருப்பும். சண்டைக்கு முன் ஒன்று, கதவு தாண்டியதும் ஒன்று என்று எஃப்6 அழுத்துவது கைப்பழக்கம் ஆகட்டும். சேவ், செட்டிங்ஸ் எல்லாம் விண்டோஸில் பயனர் ஃபோல்டருக்குள் சேவ்டு கேம்ஸ், அதற்குள் நைட்டைவ் ஸ்டூடியோஸ், அதற்குள் குவேக் என்ற ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸ் திரும்பப் போடும் முன் அதைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஸ்டீமையும் நெட் இருக்கும்போதே ஒரு தடவை திறந்து ஆஃப்லைன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நெட் போன பிறகு மாற்றப் பார்த்தால் சில நேரம் உள்ளேயே விடாது.

இந்தக் கரையில் மெஷினைக் கொல்வது உப்பு. காற்றில் வந்து போர்டில் படியும் உப்புத்தூள், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். தூசியும் சேர்ந்தால் ஃபேன் இறக்கையில் பசைபோல ஒட்டும். சூடு ஏறும், பிராசஸர் வேகத்தைத் தானே குறைக்கும், ஆட்டம் பத்து நிமிஷம் நன்றாக ஓடிவிட்டுத் திக்க ஆரம்பிக்கும். பலர் இதை ஆட்டத்தின் கோளாறு என்று நினைத்து செட்டிங்ஸை நோண்டுகிறார்கள். வடக்கிலிருந்து வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் பக்கத்து ஜன்னலையும், தென்மேற்குக் காற்றான கச்சான் காலத்தில் தென்கடல் பக்கத்து ஜன்னலையும் விட்டு சிபியூவைத் தள்ளி வையுங்கள். பாம்பனில் இரண்டும் பக்கம்தான், அங்கே உள்ளறைதான் கதி. வாரக்கணக்கில் மூடி வைப்பதைவிடத் தினம் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ரேமின் பொன்முனையை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டுப் பூட்டுங்கள். ஈரத்துணி மட்டும் உள்ளே போகக் கூடாது.

ஒரே திரையைப் பிரித்து நாலு பேர் வரை ஆட முடிவதுதான் வாங்கியவர்கள் பலர் கவனிக்காத வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பாதியில் பள்ளி விடுமுறையும் சேரும். அந்த நாள்களில் ஒரு டிவி, ஒரு மெஷின், நாலு பையன்களுக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்கு அமையாது. கூட்டாகக் கதையை ஆடலாம், 2021 டிசம்பரில் சேர்த்த ஹோர்டு மோடில் அலையலையாக வரும் எதிரிகளைச் சமாளிக்கலாம், ஆள் குறைந்தால் ஒருவரையொருவர் சுடும் டெத்மேட்சில் கணினியே ஆடும் பாட்களைச் சேர்க்கலாம். ஒருவர் கீபோர்டும் மவுஸும் எடுத்தால் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கன்ட்ரோலர் வேண்டும். 32 அங்குலத்துக்குக் குறைந்த டிவியில் நாலாகப் பிரித்தால் தூரத்து எதிரி எறும்புதான், இரண்டு பேரோடு நிறுத்துங்கள். ஸ்டிக் தொடாமலே பார்வை நகர்ந்தால் உள்ளே உப்பு இறங்கியிருக்கும். ஸ்டிக்கின் அடியில் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு இருபது சுற்று சுற்றிக் காயவிடுங்கள். அப்படியும் நகர்ந்தால் ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத எல்லையான டெட்ஸோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பார்வை நிற்கும் இடத்தில் விடுங்கள். ஆடி முடித்ததும் கன்ட்ரோலர்களை இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியிறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள்.